மலை மீன்

என் எழுத்து கோணலாகத்தான் இருக்கும். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பதும் எனக்குச் சரியாகத் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன கை இது. வாயால் சொல்லக் கூச்சமாக இருப்பதால் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா இறந்த பிறகு அனுமந்தன்பட்டியில் என்னை வளர்த்தவள் அத்தை. மீன் விற்றாள், அதுவும் மத்தி மட்டும். கேரளக் கடலில் பிடித்த மத்தி, ஐஸ் பெட்டிகளில் குமுளி வழியாக ஜீப்பில் இறங்கும். மலையிலிருந்து வருவதால் நாங்கள் பிள்ளைகள் அதை மலை மீன் என்போம். மலை உச்சியில் கடல் இருக்கிறது என்று வெகுநாள் நம்பினேன்.

எனக்கு மூக்கு கூர்மை. பெட்டியைத் திறந்ததும் மோந்து பார்ப்பேன். கெட்டது என்று நான் சொன்னால் அத்தை அதைத் திருப்பி அனுப்பிவிடுவாள். ராயப்பன்பட்டியில் வாங்குகிறவர்கள் விலை கேட்பதற்கு முன்னால், "பையன் மோந்துட்டானா?" என்றுதான் கேட்பார்கள்.

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் அந்தக் கிறிஸ்தவ ஊரில் இறைச்சி சமைப்பதில்லை, மீன்தான். அந்தச் சில வெள்ளிகளின் விற்பனையில்தான் எங்கள் வருஷம் ஓடியது.

ஒரு வருஷம் முதல் வெள்ளியன்று ஒரே பெட்டிதான் வந்தது. இரண்டாம் வெள்ளி அதுவும் இல்லை. "அங்கன மத்தியே படலக்கா. வள்ளமெல்லாம் கரையில கெடக்கு" என்றார் ஜீப் டிரைவர்.

மூன்றாம் வெள்ளியும் மீன் வராததால், பழைய பாக்கியாவது வாங்கலாம் என்று காலையில் வெறுங்கூடையோடு ராயப்பன்பட்டிக்குப் போனோம். தேவாலயத்துத் தெருவில், ஆண்டிபட்டிப் பக்கமிருந்து வந்த ஒரு வேன் நின்றது. ராமநாதபுரத்துக் கடற்கரைக்காரர் ஒருவர் மத்தியை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"கிழக்க ஏதுய்யா மத்தி?" என்றாள் அத்தை. "மேக்க வாங்கி, ஊரெல்லாம் சுத்தி, அழுகினத இங்கன கொண்டாந்திருக்க."

"இல்லத்தா. நேத்து எங்க கடல்ல விழுந்தது. எங்களுக்கும் புதுசுதான். பேய்ச்சாளைன்னு எங்க ஊருல இத யாரும் திங்கமாட்டாக. இப்பத்தான் வல கிழிய விழுது."

"பேயின்னு நீயே சொல்லிக்கிட்டு, அத எங்க வகுத்துல எறக்கப் பாக்குறியா?" என்று ஒருவர் கேட்க, கூட்டம் சிரித்தது.

அத்தை என் பிடரியில் கை வைத்தாள். "ஏலே, நீ மோந்து சொல்லு."

குனிந்தேன். ஐஸும் உப்பும் மணத்தன. செவுள் ரத்தச் சிவப்பாக இருந்தது. அத்தையின் வெறுங்கூடை என் முழங்காலில் இடித்தது.

"நாறுது" என்றேன்.

அவ்வளவுதான். பெட்டிகளை இழுத்துச் சாக்கடையில் கவிழ்த்தார்கள். அந்த மனிதர் ஒரு மீனைக் குனிந்து எடுத்தார். பச்சையாகக் கடித்து, மென்று, விழுங்கினார். சிரிப்பு நின்றது. ஆனாலும் யாரும் வாங்கவில்லை. வேனில் ஏறும்போது என்னை மட்டும் பார்த்தார்.

அடுத்த வருஷமும் மலை மீன் வரவில்லை. வேறு வழியில்லாமல் அத்தை மதுரைக்குப் போய்க் கிழக்குக் கடல் மத்தியை வாங்கி வந்தாள். வீடு வீடாகக் கூவினோம்.

"நீங்கதானக்கா கிழக்கு மத்தி ஆகாதுன்னீக" என்றார்கள். "பையனும் மோந்து சொன்னானே."

வெயிலில் கூடை நாறத் தொடங்கியது. இந்தத் தடவை நிஜமாகவே நாறியது.

மீன் இறக்கிய அதே ஜீப்பில் அத்தை ஏலக்காய்த் தோட்டத்துக் கூலியாக மலையேறினாள். நானும் பள்ளியை விட்டுக் கூடப் போனேன். மலையில் கடல் இல்லை. மூன்றாம் மழைக்கு அவளுக்கு நெஞ்சில் சளி கட்டியது. அதே ஜீப்பில் படுக்கவைத்து இறக்கினோம். பத்து நாள் இருந்தாள்.

கடல் சூடேறிவருகிறது, மீன்கள் தமக்கு ஒத்த தண்ணீரைத் தேடி இடம் மாறுகின்றன, மத்தியும் அப்படித்தான் என்று போன வாரம் என் மகள் போனில் படித்துக் காட்டினாள். இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். "எதுக்குப்பா?" என்றாள். ஒரு நோட்டும் பேனாவும் கேட்டு வாங்கினேன்.

அத்தை சொன்னது அவள் அறிந்த உண்மை. அவள் காலமெல்லாம் மத்தி மேற்கில்தான் இருந்தது. அந்த மனிதர் சொன்னதும் உண்மை. அன்று அந்தத் தெருவில் பொய் சொன்னவன் நான் ஒருவன்தான்.

ஐப்பசி, முதல் ஞாயிறு.