நித்யா ஆன்லைனில் இருக்கிறாள்

பிரவுசிங் சென்டர் நடத்தியவர்கள் யாராவது இதைப் படித்தால், கரண்ட் போன நொடியில் எல்லாக் கேபின்களிலிருந்தும் ஒரே குரலாகக் கிளம்பும் அந்த "ஐயோ" இன்னும் அவர்கள் காதில் இருக்கும். பாதி மெயிலில் திட்டு, பாதி சாட்டில் திட்டு, பாதி அப்ளிகேஷனில் அழுகை. எல்லாவற்றுக்கும் நாம்தான் பொறுப்பு, என்னவோ மின்சார வாரியம் நம் மாமனார் வீட்டுச் சொத்து மாதிரி. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பக்கத்து மாடியில் நானும் அந்தத் திட்டையெல்லாம் சில வருஷம் வாங்கியவள்தான். இன்டர்நெட் இன்னும் யார் வீட்டுக்குள்ளும் வராத காலம் அது. அதில் நடந்த ஒரு விஷயத்தை மட்டும் துண்டு துண்டாகச் சொல்கிறேன். நம் ஆட்களுக்குப் புரியும்.

ரெண்டு மணி கஸ்டமர்

தேவகி சிப்காட்டில் ஒரு ரப்பர் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனில் வேலை பார்த்தாள். முதல் ஷிஃப்ட் விட்டால் ரெண்டு மணி. மகள் காவ்யா ஒண்ணாங்கிளாஸ். ஸ்கூல் விட நாலு மணி ஆகும். வீட்டுக்குப் போய்த் திரும்பி வர நேரம் பத்தாது என்று ஒரு நாள் படியேறி வந்தவள், கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்கச் சொன்னாள். யூனிஃபார்ம் கோட்டில் ரப்பர் வாசனை வீசும். புருஷனிடமிருந்து விவாகரத்து ஆகிவிட்டது. குழந்தை தன்னிடம்தான் இருக்க வேண்டும் என்று அவர் போட்ட கேஸ் மட்டும் திருவள்ளூர் கோர்ட்டில் நடந்துகொண்டிருந்தது. அவர், அதாவது குமரேசன், அங்கேயே ஒரு பைக் ஷோரூமில் வேலை. கோர்ட் வளாகத்து மரத்தடியில் மாதத்துக்கு ரெண்டு முறை மகளைப் பார்ப்பார். இதையெல்லாம் முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டாள்.

மெயில் ஐடி திறந்து கொடுத்தேன். சாட் என்றால் என்ன என்று காட்டினேன். "தெரியாதவங்க வந்து பேசுவாங்க, பாத்து இருந்துக்கோ" என்றும் சொன்னேன். அவள் கீபோர்டைத் தடவிப் பார்த்துச் சிரித்தாள்.

"கம்பெனி மெஷின்ல தப்பா கை வெச்சா வெரலு பூடும்க்கா. இதுல இன்னா பூடும்?"

புதுத் தோழி

கொஞ்ச நாளில் தேவகிக்கு ஒரு தோழி கிடைத்தாள். பேர் நித்யா. திருநின்றவூரில் இருப்பதாகவும், தானும் புருஷனை விட்டுப் பிரிந்தவள் என்றும், ஒரு பையன் இருக்கிறான் என்றும் சொன்னாளாம். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டித் தட்டி ரெண்டு பேரும் பேசிக்கொண்டே இருப்பார்கள். காவ்யா என்ன சாப்பிட்டாள், என்ன பாட்டு கற்றுக்கொண்டாள், எந்தப் பல் விழுந்தது என்று இவள் எழுத, அந்தப் பக்கம் அத்தனையையும் கேட்டுக்கொள்ளும். கேபினுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வரும். ஷிஃப்ட் முடித்து வாடிப்போன முகத்தோடு வருகிறவள், இறங்கிப் போகும்போது வேறு ஆளாக இருப்பாள்.

எனக்கு மட்டும் உறுத்தியது. நம் தொழிலில் எத்தனை பார்த்திருக்கிறோம்? கட்டை மீசை வைத்த ஒருவர் என் ரெண்டாம் நம்பர் கேபினில் உட்கார்ந்து மாதக்கணக்கில் 'சங்கீதா'வாக வாழ்ந்தார். ஸ்கிரீனில் வெட்கப்பட்டுக்கொண்டே மீசையை முறுக்குவார். அதை தேவகியிடம் சொல்லி, "நித்யா யாரு, நேர்ல பாத்திருக்கியா?" என்று கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஊர்ல கீறவங்க எல்லாம் 'ஏன் பிரிஞ்ச, ஏன் பிரிஞ்ச'ன்னுதான் கேக்குறாங்க. இவ ஒருத்திதான்க்கா 'சாப்ட்டியா'ன்னு கேக்குறா!"

காய்ச்சல்

ஒரு நாள் காவ்யாவுக்குக் காய்ச்சல். பக்கத்து வீட்டு அம்மாவிடம் விட்டுவிட்டு மாத்திரை வாங்க வந்தவள், நித்யா காத்திருப்பாளே என்று ஒரு நிமிஷம் மாடியேறினாள். 'பாப்பாவுக்கு உடம்பு சரியில்ல, இன்னிக்கி பேச முடியாது' என்று தட்டினாள். பதில் உடனே வந்தது. நான் அவள் பின்னால்தான் நின்றிருந்தேன். 'ஈரத்துணி போடு. கைய உட்டு நகராத. அப்ப வந்த மாதிரி வலிப்பு வந்துடப் போவுது.'

தேவகி அந்த வரியை விரல் வைத்து மறுபடி படித்தாள். காவ்யாவுக்கு ஒன்றரை வயதில் காய்ச்சலோடு ஒரே ஒரு தடவை வலிப்பு வந்திருக்கிறது. திருவள்ளூர் வீட்டில் அப்போது இருந்தது இவளும் புருஷனும் மட்டும். பெண் குழந்தை, நாளைக்கு நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று அவர்கள் அதைச் சொந்த அம்மா அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. 'நித்யா'வுக்கு இவள் சொல்லியிருக்க வாய்ப்பே இல்லை. "எவன்டி அது?" என்றேன். அவள் ஸ்கிரீனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"அவருதான்க்கா. இந்த பயம் வேற யாருக்கும் வராது."

வக்கீலம்மா யோசனை

யோசித்துப் பார்த்தால் ஒவ்வொன்றாகப் புரிந்தது. மகளைப் பார்க்கும் நாள் மாறினால் தெரிவிக்கட்டும் என்று ஐடியை அவருக்குக் கொடுத்திருந்ததே இவள்தான். 'நைட் ஷிஃப்ட் போட்டா பாப்பாவ யாரு பாத்துப்பாங்க?', 'கம்பெனியில உனக்கு ஹெல்ப் பண்ண ஆம்பள யாராச்சும் கீறாங்களா?' இப்படி நித்யா இடையிடையே கேட்டதெல்லாம் கேஸுக்கு ஆதாரம் தேடத்தான். ஐடியை பிளாக் பண்ணு என்று நான் குதித்தேன். தேவகி குதிக்கவில்லை. வக்கீலம்மாவிடம் போனாள். அவர், "நித்யாதான் குமரேசன்னு நிரூபிக்கணும். யாருக்குமே தெரியாத ஒரு பொய்ய நித்யாகிட்ட மட்டும் சொல்லு. அது அவங்க பக்கத்துலேருந்து கோர்ட்டுக்கு வந்தா, ஆளு மாட்டினாரு" என்றாராம்.

வந்து உட்கார்ந்தாள். 'பரிட்சை முடிஞ்சதும் காவ்யாவ நெல்லூர்ல ஹாஸ்டல்ல சேக்கப் போறேன். என்னால தனியா சமாளிக்க முடியல' என்று தட்டினாள். வழக்கமாக உடனுக்குடன் பதில் தரும் நித்யா அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் 'பை' கூடச் சொல்லாமல் போய்விட்டாள். தேவகி எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பொய் சொல்றது இவ்ளோ ஈஸியாக்கா? அதான் அந்த ஆளு இதுலயே பூந்துக்கினாரு."

ஹெல்மெட்டோடு ஒருவர்

கோர்ட்டுக்கு அந்தப் பொய் போகவே இல்லை. மறுநாள் மத்தியானம் ஒருவர் படியேறி வந்தார். கையில் ஹெல்மெட், சட்டையெல்லாம் பெரியபாளையம் ரோட்டுப் புழுதி. எந்தக் கடை, எத்தனை மணி என்பதெல்லாம் நித்யாவுக்குத் தெரிந்ததுதானே. "இங்க தேவகின்னு..." என்று ஆரம்பித்தவர், கேபினிலிருந்து அவளே வெளியே வந்து நிற்பதைப் பார்த்துவிட்டார். நான் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்தபடி நின்றேன், தேவைப்பட்டால் எறியலாம் என்று.

"தேவகி, கொழந்தய ஹாஸ்டல்ல போடாத. உன்னாண்டயே இருக்கட்டும். நான் கேஸ வாபஸ் வாங்கிக்கிறேன். தெரியாத ஊருல அது தமிழ்ல அழுதா யாருக்குப் புரியும்?" மற்ற கேபின்களில் கீபோர்டு சத்தம் நின்றுபோனது.

உனக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் கேட்டிருப்பேன், தெருவுக்கே கேட்கிற மாதிரி. அவள் மெதுவாக, "ஹாஸ்டல் எல்லாம் ஒண்ணும் கெடையாது. நான் பொய் சொன்னேன்" என்றாள். "யாராண்ட?" என்று வாய் தவறிக் கேட்டார். "நித்யாவாண்ட" என்றாள். அந்த மனிதர் தலை குனிந்தவர்தான், நிமிரவே இல்லை. இவளிடம் இப்போது எல்லாம் இருந்தது: ஆளும் வந்துவிட்டார், சாட்சிக்கு நானும் இருந்தேன். ஒரு வார்த்தை போட்டிருந்தால் அந்த ஆள் அங்கேயே சுருண்டிருப்பார். அவள் என் கையிலிருந்த பாட்டிலை வாங்கி அவரிடம் நீட்டினாள்.

"தண்ணி குடிங்க. ஸ்கூல் விடுற நேரமாவுது. மரத்தடியில இல்லாம, ஒரு நாளாச்சும் வாசல்ல நின்னு கூட்டிக்கினு வாங்க."

ஐடிக்கு விடை

ஐஸ் மாதிரி உருகிவிட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த வாரமே அவரை என் சென்டருக்கு வரவழைத்து, என் கண் முன்னால் அந்த ஐடியை அழிக்க வைத்தாள். அழிப்பதற்கு முன்னால் அவர் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். என்ன யோசனை என்று நான் வெடுக்கென்று கேட்டதற்கு, கூச்சத்தோடு சொன்னார்:

"கேஸுக்குன்னுதான்மா ஆரம்பிச்சேன். அப்பறம் அவ எழுதறதப் படிக்காம எனக்கு நாளு போவல. பல்லு விழுந்தது, பாட்டு பாடுனது எல்லாம் எனக்கு நித்யா மூலமாத்தான தெரிஞ்சுது."

தண்டனை

வக்கீலம்மாவுக்குச் சரியான வருத்தம். இதை வைத்தே குமரேசன் குழந்தையைப் பார்ப்பதை நிறுத்தியிருக்கலாமாம். தேவகி ஒப்புக்கொள்ளவில்லை. குமரேசன் கேஸை வாபஸ் வாங்கினார், காவ்யா அம்மாவிடம். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனி, ஞாயிறு திருவள்ளூரில் அப்பாவிடம். இதை ரெண்டு பேரும் பேசி எழுதிக் கொடுக்க, கோர்ட்டும் ஏற்றுக்கொண்டது. மறுபடி சேர்ந்தார்களா என்று கேட்காதீர்கள். சேரவில்லை. அதில் அவள் உறுதியாக இருந்தாள்.

"இவ்ளோ பெரிய மோசடி பண்ணினவர ஏன்டி விட்ட?" என்று நான் கேட்டேன். காவ்யாவின் ஸ்கூல் பேக்கைத் தோளில் மாட்டிக்கொண்டே பதில் சொன்னாள். படித்தவர்கள் எவ்வளவோ பேசிக் கேட்டிருக்கிறேன், இப்படி ஒரு தீர்ப்பைக் கேட்டதில்லை.

"பொம்பள பேருல வந்து பேசுனது பொய்யிக்கா. வலிப்புன்னு பதறுனது பொய்யில்ல. பொய்யிக்கு தண்டன குடுக்கப் போய், அந்தப் பதட்டத்த எம் பொண்ணாண்டேருந்து புடுங்கிட மாட்டேன்."

ரெண்டு மணிக்கு மறுபடியும்

அதற்கப்புறமும் தேவகி வந்துகொண்டுதான் இருந்தாள். மெயில் பார்ப்பாள், வேலை விளம்பரம் தேடுவாள். சாட்டைத் திறப்பாள், கொஞ்ச நேரம் பார்ப்பாள், மூடிவிடுவாள். ஒரு நாள் அவளும் நானும் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தபோது, "இப்ப யார்கூடவும் பேசுறதில்லையா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். கண் கலங்கியிருந்தது, சிரிக்கவும் செய்தாள்.

"அந்த நித்யா நல்லவக்கா. நெஜமாவே ஒருத்தி இருந்திருக்கலாம்."

கேபினுக்குள் உட்கார்ந்து பொய் சொன்னவர்களால் எனக்குக் கடை நடந்தது, கேபினை விட்டு வெளியே வந்து உண்மை சொன்ன அந்த ரெண்டு பேரால்தான் கடை நடத்தியதையே வெளியில் சொல்லிக்கொள்ள முடிகிறது.