எருக்கஞ்செடிக்கு வைத்த பொட்டு

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் செடிகொடிகளைப் பற்றிக் கற்றது திண்டிவனம் பூங்காவின் பெஞ்சில் உட்கார்ந்துதான். மூலையில் தானாக முளைத்த எருக்கஞ்செடி ஒன்று இருந்தது. வரிவரியான புழுக்கள் அதன் இலைகளைத் தின்று கொழுத்து, பிறகு இலைக்கடியில் பச்சை மணிகள் போலக் கூடு கட்டித் தொங்கின.

எண்பத்து மூன்றோ நான்கோ, ஏதோ ஒரு வருஷம், புது நீரூற்றைத் திறக்க ஒரு அதிகாரி வருவதாகச் சொன்னார்கள். உடனே பூங்காவை அழகுபடுத்தும் வேலை ஆரம்பமானது. அதாவது, அங்கே உயிரோடு இருந்ததையெல்லாம் பிடுங்கும் வேலை.

"நாளைக்கு இதையும் புடுங்கிடணும். சுடுகாட்டுச் செடி, ஆபீசர் பாத்தா அசிங்கம்" என்றார் தோட்டக்காரர்.

"அண்ணே, அதுல பட்டாம்பூச்சிக் கூடு தொங்கிக்கினு இருக்குதுண்ணே" என்றேன்.

"அதுக்கு யாருப்பா பர்மிஷன் குடுத்தது?"

மறுநாள் விடிந்ததும் செடியின் அடியில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, குங்குமப் பொட்டு வைத்தேன். யாராவது பார்த்திருப்பார்களோ என்று சுற்றிலும் பார்த்துவிட்டு, பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மண்வெட்டியோடு வந்த தோட்டக்காரர் கல்லைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார். பிறகு நீரூற்றைத் திறக்க வந்த அதிகாரியும் கழற்றினார். நீரூற்றில் தண்ணீர் வரவில்லை. அதனால் எருக்கஞ்செடிக்குத் தேங்காய் உடைத்து விழாவை முடித்துக்கொண்டார்கள்.

நான்காம் நாள் ஒரு கூடு பிளந்து, ஆரஞ்சு நிற இறக்கை வெளியே வந்தது.

"பாத்தியாப்பா, சாமி கண்ணத் தொறந்துடுச்சு!" என்று தோட்டக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நானும் போட்டுக்கொண்டேன். பொய்ச்சாமி வைத்ததற்கு நிஜச்சாமி கோபித்துக்கொண்டால் என்ன செய்வது? அந்தப் பயத்தில் வெள்ளிக்கிழமைதோறும் நானே அதற்குக் கற்பூரம் ஏற்றினேன், புகை கூடுகளுக்கு ஆகுமோ ஆகாதோ என்று கவலைப்பட்டபடியே.