குலவையைக் கூட்டித் தள்ளிய மென்பொருள்

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். எழுதத் துணிந்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னைப்போல் வெளியூரில் பிழைக்கும் யாரும் ஏமாறக் கூடாதென்றுதான் எழுதுகிறேன்.

போலந்தில் சாலட் பாக்கெட் போடும் கம்பெனியில் வேலை. நான் இருக்கும் கட்டடத்தில் எந்த வீட்டிலிருந்தும் ஒரு குக்கர் விசில்கூடக் கேட்காது. சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் விசைத்தறிச் சத்தம் ஓயாது. அதையும் மீறி என் குலவை தெருமுனைவரை போகும். எனக்குப் பேசத்தான் கூச்சம், குலவை போட இல்லை.

அண்ணன் மகள் கோமதிக்கு முதல் கரு தங்கவில்லை. இப்போது ஏழாம் மாதம், ராயகிரியில் மாமியார் வீட்டில் வளைகாப்பு. அத்தை பாடிக் குலவையைத் தொடங்கிய பிறகே முதல் வளையல் ஏறும் என்பது எங்கள் வழக்கம். எனக்கு லீவு கிடைக்கவில்லை. "நீங்க குலவை போட்டாத்தான் அத்தை எனக்குப் பயம் போவும்" என்று அழுதாள். போன் லைன் அறுந்துவிடுமே என்று பதிவு செய்து அனுப்ப முடிவு செய்தேன்.

உடன் வேலை செய்யும் ஆன்யா தன் லேப்டாப்பில் இரண்டு மென்பொருள்களைக் காட்டினாள். ஒன்றில் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல்போல எக்கச்சக்கக் கோடுகள். மற்றதில் ஒரு சிவப்புப் பொட்டு, ஒரு துடைப்பப் படம், அவ்வளவுதான். "ப்ரோஸ்தே" என்றாள். சுலபம் என்று அர்த்தம். சுலபமானதையே எடுத்தேன். பாடினேன், மூன்று முறை குலவை போட்டேன், துடைப்பத்தை அமுக்கினேன். குரல் கழுவி வைத்ததுபோல் வந்தது. என் குரலை நானே கேட்க வெட்கமாக இருந்ததால் கேட்பதைப் பாதியில் நிறுத்தி அனுப்பிவிட்டேன்.

வளைகாப்பன்று வீடியோவில் அண்ணன் மனைவி கூப்பிட்டாள்.

"மதினி, பாட்டு முடிஞ்சிட்டு. குலவை எங்க?"

"மூணு தடவை போட்டேனே!"

"ஒண்ணையும் காணோம். எல்லாரும் வளையலைக் கையில வச்சுக்கிட்டு நிக்காவ."

கோமதியின் மாமியார் சிரித்தாள். "வெளிநாட்டுக் குளிர்ல நாக்கு வெறச்சுப் போச்சோ என்னவோ!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தத் துடைப்பம் குலவையை இரைச்சலென்று கூட்டித் தள்ளியிருக்கிறது. "இப்பம் போடுதேன், கேளு" என்று எழுந்து நின்று அடிவயிற்றிலிருந்து போட்டேன்.

"ஏன் மதினி பேச மாட்டேங்கிய? லைன் இருக்கா?"

போனும் குலவையை இரைச்சலென்று விழுங்கிவிட்டது. அதே நேரம் கதவு தட்டும் சத்தம். கீழ்வீட்டு அம்மா செருப்பில்லாமல் மூச்சிரைக்க நின்றார். "ஷ்பிதால்? ஷ்பிதால்?" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா என்கிறார். "வளைகாப்பு" என்றேன். புரியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

திரும்பிப் பார்த்தேன். காத்திருந்து பார்த்து மாமியாரே தொடங்கிவிட்டாள் போலிருக்கிறது. திரையில் எல்லோர் நாக்கும் அசைந்தது. கோமதி கண்ணை மூடியிருந்தாள். கையில் வளையல் ஏறியது. எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

மறுநாள் கோமதியைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். எனக்குக் காலை ஷிப்ட்.