அப்பா தின்ற ஐஸ்

பத்து வயதில் நான் ஒரு வள்ளத்தை ஆளோடும் கம்ப்ரசரோடும் கரையில் உட்கார வைத்தேன். காற்றில்லை, மழையில்லை, துறைமுகத்தில் புயல் கூண்டும் ஏற்றவில்லை. சங்குக் காலம் உச்சத்தில் இருந்தபோது ஐந்து ஆண்பிள்ளைகள் ஒரு வாரம் போர்வைக்குள் முனகிக்கொண்டு கிடந்தார்கள். காரணம் நான் ஒருத்தி. இப்போது இதைச் சிரித்துக்கொண்டே சொல்லலாம், ஐந்து பேரும் பிழைத்து எழுந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவரான என் அப்பா இன்றைக்கும் திரேஸ்புரத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, அடுத்தவர் வள்ளத்துக்கெல்லாம் யோசனை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அப்பா கடலுக்கடியில் போய்ச் சங்கு எடுக்கிற குளியாள். எங்கள் வீட்டில் முதல் மரியாதை அவருக்குக்கூட அல்ல, அவருடைய மூக்குக்குத்தான். மூக்கு அடைத்திருந்தால் ஆழத்தில் காது திறக்காது, மீறி இறங்கினால் சவ்வு கிழிந்துவிடும். ஆகவே அவர் ஒரு தும்மல் போட்டால் அம்மா அடுப்பை விட்டுவிட்டு ஓடி வருவாள். தயிருக்கு மார்கழி தொடங்கிப் பங்குனி வரை வீட்டுக்குள் அனுமதி கிடையாது. எனக்குக் காய்ச்சல் வந்தால் அம்மா கேட்கிற முதல் கேள்வியும் அப்பாவின் மூக்கைப் பற்றியதாகவே இருக்கும். பெற்ற பிள்ளையைவிட அந்த மூக்கு அவளுக்கு ஒசத்தி என்று நான் வெகுநாள் பொருமியிருக்கிறேன்.

கடலுக்குப் போகும் முன் விடிகாலையில் அப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளுக்குள் காற்றை ஊதுவார். இரண்டு காதும் 'டப்' என்று விட்டால் அன்று தொழில் உண்டு. நானும் எழுந்து போய் அவர் மடியை ஒட்டி எதிரே உட்கார்ந்துகொள்வேன். அவர் ஊத நான் ஊத, யாருக்கு முதலில் காது விடுகிறது என்று போட்டி. எனக்கு எப்போதும் மூக்கைத் தாண்டி வாய் வழியாகப் புஸ்ஸென்று காற்று வெளியேறி அவர் முகமெல்லாம் எச்சில் தெறிக்கும். அவர் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை என்பார்.

பன்றிக் காய்ச்சல் என்ற பேர் ஊரெல்லாம் அடிபட்ட வருஷம் அது. டிவியில் எந்நேரமும் அதே பேச்சு. வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் பெண் ஒரு புதன்கிழமை இருமிக்கொண்டே வந்தாள், மறுநாள் வரவில்லை. அவளுக்கு என்ன காய்ச்சல் என்று எவருக்கும் தெரியாது, இருந்தாலும் மத்தியானச் சாப்பாட்டு மணிக்குள் அவளுக்குப் 'பன்னி' என்று பேர் வைத்தாகிவிட்டது. வைத்தவர்களில் நானும் உண்டு, வெட்கத்தோடு சொல்கிறேன்.

அந்த வியாழக்கிழமை விடியற்காலையிலும் அப்பாவோடு காது விடும் போட்டி நடந்தது. எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. மத்தியானம் கணக்குப் பாடத்தில் தலைக்குள் ஆணி அடித்த மாதிரி வலித்தது. சளி பிடிப்பதென்றால் தொண்டை கரகரத்து, மூக்கு ஒழுகி, இரண்டு நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வரும். இது அப்படி வரவில்லை. ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் நடுவில் குளிர் தூக்கிப் போட்டது, கை கால் எலும்பெல்லாம் உளைந்தது, கண்ணை உருட்டினால்கூட வலி. எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று சரியாக நினைவில்லை. பாயில் விழுந்ததும் வறட்டு இருமல் தொடங்கியது.

அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாசல் கதவைச் சாத்தினாள். வேம்பாரில் ஒரு கல்யாண வீட்டில் பன்றிக்கறி சாப்பிட்டது எத்தனை மாதத்துக்கு முன் என்று விரல் விட்டு எண்ணினாள். கறியைத் தின்று அந்தக் காய்ச்சல் வராது என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு வயிற்றுவலி என்று சொல்லியனுப்பினாள். பக்கத்து வீட்டுக்கும் வயிற்றுவலிதான். சாயந்திரம் அப்பா கரையிலிருந்து வந்தபோது அவரை நடையிலேயே மறித்துக்கொண்டாள்.

"பிள்ளை கிட்டக்கப் போகாதிய. மூக்குல ஏறிட்டுன்னா தொழில் போச்சு. பேசாம தம்பி வீட்ல போய்ப் படுங்க."

தம்பி என்பது என் சித்தப்பா. அதே வள்ளத்தில், கடலுக்கடியில் இருப்பவர்களுக்குக் குழாய் வழியே காற்று அனுப்பும் கம்ப்ரசரைப் பார்த்துக்கொள்கிறவர். கல்யாணம் ஆகாத அவர் வீட்டில் வள்ளத்து ஆட்கள் இன்னும் மூன்று பேர் தங்கியிருந்தார்கள், ஒரே அறையில், ஜன்னலையும் சாத்திக்கொண்டு. காய்ச்சலிலிருந்து காப்பாற்றுவதாக நினைத்து அம்மா அப்பாவை அந்த அறைக்கு அனுப்பினாள். அப்பா வாசலில் நின்று என்னைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டுப் போனார். வியாழன் காலையிலேயே என் எச்சில் மூலம் அது அவருக்குள் ஏறிவிட்டதை நாங்கள் யாரும் அறியவில்லை.

வெள்ளிக்கிழமையும் கழிந்தது. சனிக்கிழமை காலை அவருக்கு மூக்கு சுத்தம், காது இரண்டும் விட்டது. ஆகவே கடலுக்குப் போனார். அந்த வள்ளத்தில் கீழே இறங்குகிறவர்கள் மூன்று பேர், காற்று போகும் குழாய் இரண்டு. ஒருத்தர் ஏறியதும் வாயில் கடிக்கும் ரப்பர் முனையைக் கடல் தண்ணீரில் ஓர் அலசு அலசி அடுத்தவர் வாயில் வைத்துக்கொள்வார். உப்புத் தண்ணீரில் எந்தக் கிருமியும் தங்காது என்பது எங்கள் கரையில் வேதவாக்கு. ஃபிளாஸ்க்கிலிருந்து கடுங்காப்பி குடிப்பதும் ஒரே மூடியில்தான்.

முதல் இரண்டு இறக்கத்தில் ஒன்றுமில்லை. மூன்றாவது இறக்கத்தில், ஏழெட்டுப் பாகம், நாற்பது அடிக்கு மேல் ஆழத்தில், அப்பாவுக்குக் குளிர் வந்துவிட்டது. மண்டைக்குள் வலி, கை சங்கைப் பிடிக்கவில்லை. மேலே இருந்த சித்தப்பாவுக்குக் குழாய் தாறுமாறாக இழுபட்டது தெரிந்திருக்கிறது. இழுத்துத் தூக்கிப் பார்த்தால் அப்பா முகத்தில் மாட்டியிருந்த கண்ணாடிக்குள் பாதி வரை ரத்தம்.

வள்ளம் நேரம்கெட்ட நேரத்தில் கரை திரும்பினால் எங்கள் தெருவுக்குச் சொல்லாமலே தெரிந்துவிடும். அம்மா தலையை முடியக்கூட நிற்காமல் ஓடினாள், காய்ச்சலோடு நானும் பின்னால் ஓடினேன். சட்டையெல்லாம் ரத்தமாக அவரை ஆட்டோவில் ஏற்றியதை நான் பார்த்தேன். செத்துப்போவார் என்றே நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒரு மணி நேரம் அவரைப் பார்த்தார். பிறகு வெளியே வந்து, ரத்தம் மூக்குக்குள்ளிருந்து வந்ததுதான், காதுச் சவ்வுக்கு ஒன்றுமில்லை, நெஞ்சிலும் பெரிதாக ஒன்றுமில்லை, இரண்டு மூன்று நாள் இங்கேயே வைத்துப் பார்க்கலாம் என்றார். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. உடனே பசித்தது, பன் வேண்டும் என்று அடம்பிடித்தேன்.

டாக்டரம்மா நாலைந்து கேள்வி கேட்டார். வீட்டில் வேறு யாருக்குக் காய்ச்சல் என்றபோது அம்மா குரலைத் தாழ்த்தி என்னைக் காட்டினாள். அவர் என் நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்தார், எங்கள் இரண்டு பேர் தொண்டையிலும் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்தார். ரப்பர் முனையைக் கடலில் அலசிக் கைமாற்றும் கதையைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கிற துளியில், தொட்ட கையில், பகிர்ந்த மூடியில் எல்லாம் இது பரவும் என்றும், காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முந்தியே அடுத்தவருக்குத் தொற்ற ஆரம்பித்துவிடும் என்றும் அப்பாவிடம் சொன்னார். அப்பா படுத்தபடியே விரலை மடக்கி ஏதோ எண்ணினார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பன் தின்றுகொண்டிருந்தேன்.

திங்கட்கிழமைக்குள் சித்தப்பாவும் மற்ற மூவரும் விழுந்தார்கள். செவ்வாய்க்கிழமை சோதனை முடிவு வந்தது. இன்ஃப்ளுயன்ஸாவில் ஏ, பி என்று வகை உண்டு, டிவியில் சொல்கிற பன்றிக் காய்ச்சல் ஏ வகையில் ஒன்று, உங்களுக்கு வந்திருப்பது பி என்றார் டாக்டரம்மா. பேர் வேறானாலும் பரவுகிற விதம் ஒன்றுதான், மற்றவர்களையும் கூட்டிவந்து காட்டுங்கள், ஒரு வாரம் யாரோடும் நெருங்காமல் ஓய்வில் இருங்கள், மூச்சு முட்டினால் உடனே ஓடிவாருங்கள் என்றும் சேர்த்துச் சொன்னார். அம்மா காதில் விழுந்தது 'பன்றி இல்லை' என்பது மட்டும்தான். அன்றே அப்பாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், வருகிற வழியில் அம்மா கோயிலில் மெழுகுதிரி ஏற்றினாள். தெருவில் நுழையும்போதே சத்தமாகச் செய்தி சொல்லிவிட்டாள்.

அதுவரை எங்கள் வீட்டைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு போனவர்கள், பன்றி இல்லை என்றதும் கஞ்சியும் மீன் சாறுமாகக் கூட்டமாக உள்ளே வந்தார்கள். அப்பாவின் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள், அப்பா அவர்கள் முகத்துக்கு நேராக இருமினார். அடுத்த வாரம் அந்தத் தெருவில் பாதிப் பேர் பி வகையோடு படுத்தார்கள். பன்றி இல்லை என்ற சந்தோஷத்தில் அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

அந்தக் கூட்டத்தில் வள்ளத்து முதலாளியும் வந்தார். சம்மாட்டி என்போம் அவரை. ஆள் நல்லவர், வாய் பொல்லாதது. சங்கு கொழித்துக் கிடக்கிற காலத்தில் வள்ளம் கரையில் கிடக்கிற எரிச்சல் அவருக்கு. பாயின் ஓரத்தில் உட்கார்ந்து ஒருமுறை செருமினார்.

"எவன்லே வள்ளத்துக்குள்ள காய்ச்சலக் கொண்டாந்தது?"

நான் கதவுக்குப் பின்னால் போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்றேன். எனக்கு வந்த வயிற்றுவலி உண்மையில் என்ன என்று அங்கே அம்மாவுக்கும் அப்பாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அம்மாவின் முகம் வெளுத்திருந்தது.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "நாந்தான் அண்ணாச்சி. வெள்ளிக்கிழமை டவுன் பக்கம் போனேன். வெயிலா இருந்துச்சு. ஐஸ் வாங்கித் தின்னுட்டேன்."

சங்குக் காலத்தில் ஐஸ் தின்கிற குளியாளைப் போல ஒரு மடையன் எங்கள் கரையில் கிடையாது. சம்மாட்டி ஆடிவிட்டார். வயசு என்னலே ஆவுது ஒனக்கு, சின்னப்பிள்ளையாலே நீ என்று ஆரம்பித்து அரைமணி நேரம் பொரிந்து தள்ளினார். அம்மா அதற்கு மேல். அவர் பேச்சோடு பேச்சாகத் தானும் சேர்ந்து, கெட்ட நாக்கு, அடங்காத நாக்கு என்று புருஷனைத் திட்டித் தீர்த்தாள். வந்திருந்தவர்களுக்கும் எல்லாம் விளங்கிவிட்டது. ஐஸ் தின்றால் காய்ச்சல் வராமல் என்ன செய்யும் என்று திருப்தியாக எழுந்து போனார்கள். அன்று முதல் வள்ளத்தில் அப்பாவுக்கு 'ஐஸ்' என்றே பேர். பத்துப் பதினைந்து வருஷம் அந்தப் பேர் ஓடியது.

எனக்கோ தாங்க முடியாத கோபம். பள்ளிக்கூடத்து வாசலில் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாலும் எனக்கு ஒரு ஐஸ் வாங்கித் தராத மனுஷன், பிள்ளை காய்ச்சலில் கிடக்கும்போது தான் மட்டும் போய்த் தின்றுவிட்டு வந்திருக்கிறார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. தண்ணீர் கேட்டால்கூட செம்பை ணங்கென்று வைத்துவிட்டுப் போவேன்.

இன்று நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊராரின் தொண்டையில் பஞ்சுக்குச்சி விடுவது என் வேலையில் ஒன்று. ஐஸ் தின்று இன்ஃப்ளுயன்ஸா வராது என்பதை நான் படித்ததே முதல் வருஷ வகுப்பில்தான். மற்ற பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள், நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். காய்ச்சல் பாடத்துக்கா அழுகிறாய் என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டாள்.

அப்போதோ, மூன்றாம் நாளே என் கோபம் இறங்கி ஆசை தலைதூக்கியது. மெல்ல அப்பாவின் பாயருகே போய் உட்கார்ந்தேன்.

"என்ன ஐஸ்ப்பா தின்னிய?"

அப்பா மேலே கூரையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "சேமியா ஐஸ்ளா" என்றார்.

நல்லா இருந்ததா என்று கேட்டேன். அதற்கும் யோசித்துத்தான் பதில் சொன்னார். தின்றவனுக்கு இவ்வளவு யோசனை தேவைப்படாது என்பது பத்து வயதில் எனக்குத் தெரியவில்லை.