ஏழு சீட்டின் இரண்டாவது சாவி

தெருவில் அவருக்குப் பெயர் 'ஏழு சீட்டு'. முகத்துக்கு நேராக யாரும் சொல்வதில்லை. அந்த அளவு மரியாதை தெருவுக்கு இருந்தது. ஏழு பேர் உட்காரும் வேன் வைத்திருந்தார். அதில் ஒற்றை ஆளாகப் போய் ஒற்றை ஆளாக வந்தார். சந்தையிலிருந்து திரும்பும்போது பின் சீட்டில் ஒரு முட்டைக்கோஸ் மகாராஜா மாதிரி தனியாக உருண்டுகொண்டு வருவதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு.

வாங்கிய புதிதில் அந்த வேன் பிதுங்கி வழிந்தது. அவர், மனைவி, மூன்று பெண்கள், ஒரு மச்சினன். ஏழாவது சீட்டு, மச்சினனுடைய வாந்திக்கென்று ஒரு பிளாஸ்டிக் வாளிக்கு. மனைவி ஓட்டினால் மட்டும் வாளிக்கு வேலை இருக்காது. அவரைவிட அவள் நன்றாக ஓட்டுவாள். அதை அவரும் ஒப்புக்கொள்வார், அவள் பக்கத்தில் இல்லாதபோது.

பெண்கள் கல்யாணமாகி ஆளுக்கொரு திசையில் போனார்கள். மச்சினன் போயும் போயும் கப்பல் வேலைக்குப் போனான். கடைசியில் மனைவியும் பெரியவளின் பிரசவத்துக்குக் கிளம்பினாள். குழந்தை பிறந்தது, தவழ்ந்தது, நடந்தது, இப்போது பேசவும் செய்கிறதாம். அவள் மட்டும் வரவில்லை. சண்டை என்று விரல் நீட்டிக் காட்ட ஒன்றுமில்லை. கிளம்பின அன்று வாசலில் நின்று, "நான் இல்லாட்டி உங்களுக்கு வித்தியாசமே தெரியாது" என்றாள். அவர் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டே, "ஒண்ணும் தெரியாது, நீ நிம்மதியா போ" என்றார். தைரியம் சொன்னதாக மனுஷனுக்கு நினைப்பு.

அவர் பேச்சே அப்படித்தான். பெயின்ட் குடோனில் மேற்பார்வை. காலையிலிருந்து சாயங்காலம்வரை அவர் வாயில் புழங்குவது இரண்டே வார்த்தைகள்: லாரி வந்தால் "எறக்கிடு", ஆர்டர் வந்தால் "அனுப்பிடு". மூன்றாவது வார்த்தைக்கு அங்கே வேலையில்லை.

வேன் தகராறு செய்ய ஆரம்பித்தது அந்தச் சமயத்தில்தான். நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று சிக்னலில் மூச்சை விட்டுவிடும். கொஞ்ச நேரம் ஆறவிட்டால் ஒன்றும் நடக்காத மாதிரி கிளம்பும். மெக்கானிக் பிளக்கை மாற்றினார், காயிலை மாற்றினார், பெட்ரோல் பம்பை மாற்றினார். மாற்றுவதற்கு இனி ஓட்டுகிற ஆள்தான் பாக்கி என்ற நிலையில், ஒயரிங்காரர் ஒருவரிடம் கைகாட்டி விட்டார்.

ஒயரிங்காரர் வாயாடி. பானெட்டைத் திறந்து, என்ஜினை ஓடவிட்டு, ஓரமாக இருந்த அலுமினியப் பெட்டி ஒன்றை ஸ்குரூடிரைவர் பிடியால் லேசாகத் தட்டினார். என்ஜின் நின்றது. மறுபடி கிளப்பி மறுபடி தட்டினார். மறுபடி நின்றது.

"பம்பு, காயில் எல்லாம் நிரபராதி சார். அநியாயமா தூக்குல போட்டுட்டீங்க. இதான் வண்டிக்கு மூளை, இந்தக் கம்ப்யூட்டர். உள்ள எங்கயோ ஈயப் பத்தவைப்பு விட்டிருக்கு. சூடானா நினைவு தப்பிடுது."

"சரி பண்ண முடியாதா?"

"மூளையை யார் சார் ஒட்டுப்போட்டு ஓட்டுவாங்க? புதுசுதான். ஆனா வர்றப்போ எல்லா சாவியையும் கொண்டாந்துடுங்க. புது மூளைக்கு பழைய சாவி எதுவும் தெரியாது. ஒவ்வொண்ணா போட்டு அறிமுகம் பண்ணி வைக்கணும். அப்ப கையில இல்லாத சாவி கதவைத் திறக்கும், ஆனா வண்டி கிளம்பாது. நீ யாருன்னு கேட்டுட்டு நின்னுடும்."

"பின்னாடி சேத்துக்கலாமா?"

"சேக்கலாம். அதுக்கும் எல்லாச் சாவியும் கொண்டாந்து முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். எத்தனை சாவி சார் இருக்கு?"

அவர் சட்டைப்பையில் இருந்தது ஒன்று. இன்னொன்று மனைவியின் கைப்பையில். கிளம்பும் அவசரத்தில் மறந்து எடுத்துப் போய்விட்டாள் என்று தெருவில் சொல்லியிருந்தார். மறந்து எடுத்துப் போகவில்லை என்று தனக்குள் சொல்லியிருந்தார்.

"ஒண்ணுதான்" என்றிருந்தால் அன்றைக்கே வேலை முடிந்திருக்கும். அப்புறம் என்றைக்காவது அவள் வந்து, கதவைத் திறந்து, சீட்டை முன்னே இழுத்துப்போட்டு உட்கார்ந்து சாவியைத் திருகும்போது, அந்த வண்டி அவளைப் பார்த்து நீ யார் என்று கேட்கும். அதை அவரால் நினைத்துப்பார்க்க முடியவில்லை.

"ரெண்டு" என்றார். வீட்டுக்குப் போனதும் போன் போட்டார்.

"என்ன?" என்றாள்.

"உங்கிட்ட இருக்கற வண்டிச் சாவியை அனுப்பிடு."

அந்தப் பக்கம் பேரக்குழந்தை ஏதோ கிண்ணத்தைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"சரி" என்றாள். வைத்துவிட்டாள்.

ஒரே சொல்லில் காரியம் முடிந்தது என்று அவர் நிம்மதியாகத் தூங்கினார். அந்தத் தூக்கத்தை நினைத்துப் பிற்பாடு தன் தலையிலேயே குட்டிக்கொண்டார்.

பார்சல் குடோன் முகவரிக்கு வந்தது. பிரித்தபோது அவளுடைய முழுச் சாவிக்கொத்தும் மேசையில் விழுந்தது. வேன் சாவி மட்டுமல்ல. வீட்டுச் சாவி, பீரோ சாவி, மொட்டைமாடிக் கதவின் துருப்பிடித்த சாவி எல்லாம். ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. பார்சலை இப்படியும் அப்படியும் திருப்பி, உதறிப் பார்த்தார். லோடுமேன், "என்ன சார், தாலி கீலி வந்திருக்கா?" என்று சிரித்தான். அவர் மறுபடியும் பார்சலை உதறுவதைப் பார்த்து ஓசைப்படாமல் நகர்ந்துவிட்டான்.

பெரியவளுக்குப் போன் போட்டார்.

"ஏம்ப்பா, அம்மாகிட்ட சாவியைத் திருப்பிக் கேட்டியாமே?"

"திருப்பியா? யாரு திருப்பிக் கேட்டா? வண்டிக்கு மூளை போச்சும்மா!"

"யாருக்கு மூளை போச்சுன்னு இங்க ஒரு அபிப்பிராயம் ஓடிட்டிருக்கு. அந்த வீட்ல அம்மாவுக்கு இனி இடமில்லன்னு சொல்லாம சொல்லிட்டியாமே. அம்மா நேத்து சாப்பிடவே இல்ல."

விளக்க வாயைத் திறந்தார். எறக்கிடு, அனுப்பிடு தவிர ஒன்றும் வரவில்லை. "அப்பறம் பேசறேன்" என்று வைத்தார்.

ஒயரிங்காரர் பேட்டரியைக் கழற்றி, பழைய பெட்டியை எடுத்து, புதியதைப் பொருத்தி, லாப்டாப்பைச் செருகினார். முதல் சாவியைப் போட்டார். மீட்டரில் சிவப்பு விளக்கு மினுங்கி மினுங்கி அணைந்தது.

"உங்களைத் தெரிஞ்சுக்கிச்சு. அடுத்ததைக் குடுங்க."

"இது வீட்டுக்காரியோடது" என்று கொத்தைக் கழற்றாமல் அப்படியே கொடுத்தார். மற்ற சாவிகள் ஸ்டியரிங்குக்குக் கீழே தொங்கிக்கொண்டு கலகலத்தன. விளக்கு மினுங்கியது. நின்று மினுங்கியது. அவர் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். விளக்கு அணைந்தது.

"அவங்களையும் தெரிஞ்சுக்கிச்சு" என்றார் ஒயரிங்காரர்.

"தெரிஞ்சுதான் இருக்கும்" என்றார் இவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

அங்கிருந்து நேராகக் கூரியர் ஆபீஸ். கவுன்ட்டர் பெண் கொத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்ன சார், வீடு வித்துட்டீங்களா?"

"இல்லம்மா. இது அவங்களோடது. தப்பா எங்கிட்ட வந்துடுச்சு."

கொத்து போய்ச் சேர்ந்த அன்று மதியம் போன் வந்தது. குடோன் வாசலில் வேனுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எச்சில் கையோடு எடுத்தார்.

"என்னங்க இது, போறதும் வர்றதுமா? எதுக்குக் கேட்டீங்க, எதுக்கு அனுப்பறீங்க?"

"வண்டிக்குப் புது கம்ப்யூட்டர். உன் சாவியையும் அதுக்குத் தெரியணும்னுதான் கேட்டேன். இல்லாட்டி உனக்குக் கிளம்பாது."

அவர் லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்துக்கொண்டார்.

"இதை அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"சொன்னேன்ல."

"என்னத்த சொன்னீங்க? அனுப்பிடுன்னீங்க. லாரிக்காரன்கிட்ட சொல்ற மாதிரி. இங்க வச்சிக்கிட்டு எந்த வண்டியை நான் ஓட்டப்போறேன்?"

"சும்மா வச்சிக்கயேன்."

"ம்... வச்சிருக்கேன்."

அவ்வளவுதான். வருகிறேன் என்று சொல்லவில்லை. வா என்று இவரும் கேட்கவில்லை. கேட்டு அது எந்த அர்த்தத்தில் போய்ச் சேருமோ என்று பயம். போனை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். மற்ற ஆறு சீட்டும் காலியாக வெயிலில் கிடந்தன. சாவியைத் திருகினார். வண்டி கிளம்பியது. போக வேண்டிய இடம் ஒன்றுமில்லாததால், அணைத்துவிட்டு உள்ளே போனார்.