வசந்தி வீட்டுக் கூட்டில் எலி இல்லாமல் போன கதை

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு அது தெரியும். கமா எங்கே வரவேண்டும் என்பதைக்கூடப் பத்திரிகை ஆசிரியர்தான் பார்த்துப் போடுகிறார்.

ஆனால் கோப்பாயில் என் வளவுக்குள் வந்து பாருங்கள். கிணறு — கல்லை உடைத்து நான் இறக்கியது. வீடு — சண்டைக்குப் பயந்து இரண்டு தரம் விட்டுவிட்டு ஓடி, இரண்டு தரமும் திரும்பி வந்து நானே கூரை போட்டது. பின்பக்கத்துத் தென்னைகள் — இந்த நிலத்தில் தென்னை வராது என்று சொன்னவர்களுக்கு இன்றைக்கு இளநீர் வெட்டிக் கொடுக்கிறேன். கடைசியாகக் கட்டியது கோழிக்கூடு. சீமெந்துத் தரை, நாலு பக்கமும் கம்பிவலை, தகரக் கூரை, தண்ணீருக்குத் தனியாகப் பைப். மேசன்மாரே வந்து பார்த்து வாயைப் பிளந்த கூடு அது.

அந்தக் கூட்டை விட்டுவிட்டு, மிருக வைத்தியர் பக்கத்து வீட்டு வசந்தியின் கூட்டைத் தெரிவு செய்தால் எனக்கு எப்படி இருக்கும்? நீங்களே சொல்லுங்கள்.

நடந்தது இதுதான். எங்கள் ஊரில் கோழி வளர்க்கிறவர்களுக்குச் சனிக்கிழமை மிருக வைத்தியரின் வகுப்பு. நல்ல கூடு உள்ள வளவில்தான் வைப்பார்களாம். ஊர்ச்சனம் எல்லாம் வரும், படம் எடுப்பார்கள். வேறு யார் வளவில்? டொக்டர் வந்து பார்க்க முதலே நான் சனம் இருக்கப் பிளாஸ்டிக் கதிரைகளுக்கும் ஒழுங்கு செய்துவிட்டேன்.

திங்கட்கிழமை டொக்டர் வந்தார். இளம்பெண். சீமெந்தையும் பைப்பையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேரே குனிந்து தீன் தட்டைப் பார்த்தார். தீனுக்கு நடுவில் கறுப்பாய், சின்னச் சின்னதாய்...

"உது என்ன ஐயா?"

"காத்துக்கு விழுந்த ஏதோ விதை, டொக்டர்."

"அப்பிடியெண்டா முளைக்கப் போட்டுப் பாருங்கோவன்" என்று சிரித்தார். "எலிப்புழுக்கை ஐயா உது."

பிறகு வசந்தி வீட்டுக்குப் போனார். வசந்தி தையல் வேலை செய்கிறவள். அவளுடைய கூடு என்ன கூடு? ஒரு பழைய கதவு, உடைந்த கட்டில், கிழிந்த மீன்வலை. அவளுடைய முதல் அடைக்கோழியே என் வீட்டிலிருந்து போனதுதான். எந்த முட்டையை அடைக்கு வைப்பது, குஞ்சை எப்போது பிரிப்பது — எல்லாம் வேலிக்கு இங்கால் நின்று நான் சொல்லிக் கொடுத்தது.

டொக்டர் அந்தத் தட்டைப் பிரட்டிப் பார்த்தார். மூலையெல்லாம் டோர்ச் அடித்தார். ஒரு புழுக்கை இல்லை.

"சனிக்கிழமை இஞ்சையே வைப்பம்."

வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு வயிறு பற்றி எரிந்தது. இரண்டு வளவுக்கும் நடுவில் இருப்பது தென்னோலை பின்னிய ஒரே கிடுகு வேலி. எலிகள் குடியிருப்பதே அந்தக் கிடுகுக்குள்தான். அங்கிருந்து அவளுடைய கூடுதான் கிட்ட. பிறகு ஏன் என்னிடம் மட்டும் வருகின்றன? எலிக்கும் என்னில் என்ன பொறாமை?

அன்று மைமல் நேரம், கோழிகள் கூடடைகிற பொழுதில், கிடுகு விலகிய வேலிப் பொட்டுக்குள்ளால் பார்த்தேன். வசந்தி தட்டை எடுத்தாள். மிச்சத் தீனைச் சாக்குக்குள் கொட்டினாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். அவ்வளவுதான்! இதற்கா ஒரு வகுப்பு?

என் கூட்டில் தட்டு வெறுமையாய் இருந்ததே இல்லை. சாப்பிடாமல் படுத்து எழும்பியவன் நான். என் வளவில் ஒரு சீவன் வெறுந்தட்டைப் பார்க்கக்கூடாது என்பது என் சட்டம். அந்தச் சட்டத்தால் வயிறு வளர்த்தது யார் என்பது இப்போதுதான் விளங்கியது. பொறியில் நான் வைத்த தேங்காய்ச் சொட்டை எலிகள் திரும்பியும் பார்க்கவில்லை. ஏன் பார்க்கும்? விருந்து தட்டில் கிடக்கிறதே!

செவ்வாய்க்கிழமை தொடக்கம் நானும் பொழுதுபடத் தட்டை எடுத்தேன். நானாக யோசித்தது என்று வீட்டில் சொன்னேன். மனைவி நம்பவில்லை.

வியாழக்கிழமை காலை வேலியடியில் வசந்தியின் குரல்.

"அண்ணை! நிக்கிறியளோ?"

"ஓம், என்ன பிள்ளை?"

"எலி அண்ணை! தீன் சாக்கை ஓட்டை போட்டிட்டுதுகள். கூடெல்லாம் புழுக்கை. இவ்வளவு நாளும் ஒண்டும் வராதே... எங்கையிருந்து வந்ததுகளோ தெரியேல்லை. நாளையிண்டைக்கு அத்தினை சனமும் வரப்போகுது. எனக்கு அழுகை வருது அண்ணை."

எங்கிருந்து வந்தன என்று எனக்குத் தெரியும். என் தட்டு இல்லாமல் போனதும் வேலி தாண்டியவைதான். உண்மையைச் சொல்கிறேன் — இனித்தது. டொக்டர் சனிக்கிழமை வந்து புழுக்கையைக் காண்பார். அத்தனை சனத்தையும் கூட்டிக்கொண்டு வேறெங்கே போவார்? என் வளவு இருக்கிறது. கதிரையும் இருக்கிறது!

"பொறி ஒண்டு வையன் பிள்ளை" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

குசினி வாசலில் தேத்தண்ணியோடு மனைவி நின்றாள்.

"இஞ்சருங்கோ, அந்தப் பிள்ளை தையலையும் விட்டிட்டு நாலு நாளாய் வளவு கூட்டுறாள். உங்களுக்கு எலியிலை கோவமில்லை. அவளிலைதான் கோவம்."

"எனக்கென்ன கோவம்?"

"அப்ப ஏன் சிரிச்சுக்கொண்டு வாறியள்?"

நான் சிரிக்கிறேன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தேத்தண்ணியைக் குடிக்க மனம் வரவில்லை.

மூடியுள்ள தகரவாளி ஒன்றை வேலிக்கு மேலால் கொடுத்தேன். "சாக்கை உதுக்குள்ளை வைச்சு இறுக்கி மூடு. கூட்டைக் கழுவு" என்றேன். இதை அவளுக்குச் சொன்னேன்.

சொல்லாமல் செய்தது வேறு. அன்று பொழுதுபட என் தட்டை எடுக்கவில்லை. நிரப்பினேன். இரண்டு பிடி கூடப் போட்டு, வேலியோரமாய் என் பக்கம் வைத்தேன். விடியப் பார்த்தால் தட்டு துடைத்த மாதிரி. வெள்ளிக்கிழமையும் அப்படியே. என் வளவில் எலிகளுக்குத் திருவிழா! வசந்தியின் கூட்டில் ஒரு புழுக்கை இல்லை.

சனிக்கிழமை வகுப்பு நடந்தது. என் ஒழுங்கில் வந்த கதிரைகளில்தான் எல்லோரும் இருந்தார்கள்.

"வசந்தி அக்கான்ரை கூட்டைப் பாருங்கோ. எலியெண்ட கதையே இல்லை" என்றார் டொக்டர். சனம் கைதட்டியது. நானும் தட்டினேன், சத்தம் வராமல்.

வசந்தி எழும்பி, "எல்லாம் டொக்டர் சொல்லித் தந்ததுதான்" என்றாள். அடைக்கோழியைப் பற்றி ஒரு சொல் இல்லை. வாளியைப் பற்றியும் இல்லை. படம் எடுக்கிற நேரம் நான் கூட்டடியில் போய் நின்றேன். போனைப் பிடித்துக்கொண்டிருந்தவன் கையை ஆட்டினான்.

"ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. கூட்டை மறைக்கிறியள்."

தள்ளி நின்றேன்.

இப்போது இரண்டு வளவிலும் பொழுதுபடத் தட்டு எடுபடுகிறது. எலிகள் எங்கே போயினவோ, நான் தேடப் போகவில்லை. ஒன்று மட்டும் விளங்கியது. நல்லது செய்வது அவ்வளவு கஷ்டமில்லை. செய்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான்... என்னால் முடியவில்லை, எழுதிவிட்டேன். வசந்திக்கும் இதை வாசித்துத்தான் தெரியவரும். தெரியட்டும்.

டொக்டர் பிள்ளை, அடுத்த ஊரில் இந்தக் கூட்டைப் பற்றிச் சொல்லும்போது ஒரு வரி சேர்த்துச் சொல்லவேண்டும் — அந்த இரண்டு நாளும் வசந்தி வீட்டு எலிகளுக்கும் சேர்த்துச் சாப்பாடு போட்டவர் பக்கத்து வளவு நாகலிங்கம்!