ஆத்தா வந்த காம்பரா

தம்பியின் நெற்றியில் முதல் கொப்புளத்தைப் பார்த்தது நான்தான். வியர்க்குரு என்று நினைத்து அம்மாவிடம் காட்டினேன். அவள் அவன் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்துவிட்டு, ஆத்தா வந்திருக்கா என்றாள்.

இலங்கையில் யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் இருந்தோம். ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக ஒற்றை அறைக் காம்பராக்கள், குடும்பத்துக்கு ஒன்று. ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் விழித்துக்கொள்வார்கள். அங்கே ஒன்றையும் ஒளிக்க முடியாது. அப்படியிருந்தும் அம்மை போட்டால் எல்லோரும் ஒளிக்கத்தான் பார்த்தார்கள். தெரிந்தால் தோட்டத்துக்கு மருந்து கொடுக்கிற டிரசர் வந்து பிள்ளையைக் கொண்டுபோய் ஓயா என்கிற ஆற்றுக்கு அக்கரையில் இருந்த கொட்டகையில் போட்டுவிடுவார். கடைசிக் காம்பராப் பிள்ளைகள் இரண்டு பேர் அப்படிப் போனார்கள். அவர்களுடைய பாயையும் துணியையும் லயத்து வாசலில் குவித்து எரித்தார்கள். பிள்ளைகள் திரும்பி வரவில்லை.

அம்மை வந்த வீட்டு வாசலில் வேப்பிலை கட்ட வேண்டும். வந்திருப்பது மாரியம்மன், அவளுக்குச் செய்கிற முதல் மரியாதை அது. ஆனால் அந்த மழைக்காட்டில் வேம்பு வளராது. இந்தியாவிலிருந்து யாரோ கொண்டுவந்து நட்ட ஒரே ஒரு மரம், நாங்கள் மாரியம்மன் என்று கும்பிட்ட கல்லுக்குப் பக்கத்தில் குச்சி குச்சியாக நின்றது. அதில் ஒரு கொத்து ஒடித்தால் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். கட்டினால் தம்பி கொட்டகைக்குப் போவான். கட்டாவிட்டால் சாமி கோபித்துக்கொள்ளும். எனக்கு இரண்டுக்கும் பயமாக இருந்தது.

மாமா, அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். அவர் கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் பேசினார்.

"அக்கா, வேப்பில வேணாம். கேட்டா வயித்தால போகுதுன்னு சொல்லிக்கலாம்."

"வந்திருக்கிறவள வாசல்லயே நிக்க வச்சுட்டுப் பொய் சொல்லச் சொல்றியா?"

"மச்சான் கெடந்தப்பவும் அவ கால்லதான் விழுந்து கெடந்த. என்னா செஞ்சா?"

மாமா சொன்னது அப்பாவை. அப்பா அதற்கு முந்தின மழையில் காய்ச்சலில் செத்திருந்தார். எடுத்துப்போன மறுநாளே அம்மா மாரியம்மனுக்கு விளக்கு வைத்தாள். அதைப் பார்த்து எனக்கு அப்போதே எரிச்சலாக இருந்தது.

மாமா பேசிய மறுநாள் காலையில், வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு ஆள் கூடியிருக்கும்போது, எல்லார் கண்ணுக்கும் முன்னால் அம்மா போய் வேப்பங்கொத்தை ஒடித்தாள். மஞ்சள் தண்ணீரில் நனைத்து எங்கள் வாசல் நிலையில் செருகினாள். மாமா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ரப்பர் பால் வாளிகள் ஸ்டோருக்குப் போவதற்குள் கங்காணியும் டிரசரும் வந்துவிட்டார்கள். அந்தக் கங்காணி, பெரட்டுக்குப் பிந்தினால் கதவை எட்டி உதைத்து உள்ளே வருகிறவர். அன்று வாசலுக்கு அப்பால் முற்றத்திலேயே நின்றுவிட்டார்.

"நான் உள்ள வரலீங்கய்யா. காலையில கருவாடு தின்னுட்டேன், ஆத்தா வந்த வூட்டுக்கு ஆகாது."

"உம்மட கருவாட்டுக் கதை ஆருக்கு வேணும்?" என்றார் டிரசர். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், கிறிஸ்தவ வேதக்காரர். வேப்பிலைக்குக் கீழே குனிந்து உள்ளே வந்தார். தம்பியைப் பார்த்தார். "பொடியனைத் தூக்கு. கொட்டகைக்குப் போகவேணும்."

நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன். அவள் அழுவாள், காலில் விழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தன் முகத்துத் தழும்பைத் தொட்டுக் காட்டினாள்.

"எனக்கு ஊருலயே வந்து போயிருச்சுங்கய்யா. இனி வராது. நானும் போறேன்."

டிரசர் குனிந்து தழும்பைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். அம்மா தம்பியைச் சேலையில் பொதிந்து தோளில் போட்டாள். என் விரல்களைத் தன் முந்தானையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். படி இறங்கினாள். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் கத்தினேன். மாமா என் வாயைப் பொத்தினார். "அம்மை வூட்டுல யாராச்சும் போயிட்டு வாரேன்னு சொல்லுவாங்களா? சொன்னா ஆத்தாவும் கூடவே திரும்பி வந்துருவா. வாய மூடு புள்ள."

எங்கள் பாயையும் எரித்தார்கள். அதற்குப் பிறகு எனக்குப் புகை என்றாலே பயம். லயத்துக் கோடியில் நின்றால் ஓயாவுக்கு அக்கரையில் மரங்களுக்கு மேலே புகை எழும்புவது தெரியும். எழும்பும்போதெல்லாம் மாமாவிடம் ஓடுவேன்.

"அது பாயா மாமா?"

"கஞ்சி காச்சுறாங்க."

"நேத்தும் கஞ்சின்னுதான் சொன்னீங்க."

"நேத்தும் கஞ்சிதான். பசிக்கிறவங்க தெனமும் திங்க மாட்டாங்களா?"

அப்படிச் சொல்லிவிட்டு அவரே அந்தப் புகையை என்னைவிட அதிக நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார். அக்காவைக் கேலி பேசின மனிதர், காலையில் வேலைக்குப் போகுமுன் வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். தாளிக்காமல் சமைத்தார். குழாயடியில் எங்களைக் கிட்ட விடமாட்டார்கள். எல்லாரும் பிடித்துப் போன பிறகுதான் எங்களுக்குத் தண்ணீர். நான் என் கையையும் காலையும் தடவித் தடவிப் பார்ப்பேன். கொசு கடித்த தடிப்புக்கும் அழுதேன். ஆத்தா, எனக்கு வராதே என்று கும்பிடுவேன். எனக்கு வராமல் தம்பிக்கே இருந்துவிடட்டும் என்று அதற்கு அர்த்தம் ஆகிவிடுமோ என்று உடனே பயந்து, மறுபடி முதலிலிருந்து கும்பிடுவேன்.

ஒரு மத்தியானம் அம்மா ஓயாவைக் கடந்து வந்தாள். எலும்பாகிப் போயிருந்தாள். இடுப்பில் தம்பி. அவன் முகமெல்லாம் குழி. இடது கண் வெள்ளை விழுந்து, அவித்த முட்டை போல இருந்தது. என்னைப் பார்த்து அக்கா என்றான். நான் கிட்டப் போகவில்லை.

லயத்துப் பொம்பளைகள் கூடிவிட்டார்கள். ஆத்தா பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள், ஒரு கண்ணோடு போச்சு, நீ குடுத்துவச்சவ என்றார்கள். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

அந்த வெள்ளிக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு மாரியம்மனிடம் போனாள். நன்றி சொல்லத்தான் போகிறோம் என்று நினைத்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. வேறு யாரும் இல்லை. அம்மா கல்லுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"என்னா பொம்பளடி நீ?" என்றாள்.

சாமியைத்தான் கேட்டாள்.

"புருசன எடுத்த. வாயத் தொறந்தேனா? இப்ப புள்ள கண்ணு. ஒனக்கு என்னா, கண்ணு இல்லாமயா கெடக்க? அந்தக் கொட்டகையில ஒன்னத் தவிர யாரக் கூப்புட்டேன்? கூப்புட்டப்ப எங்க போன?"

பேசிக்கொண்டே கல்லில் ஒட்டியிருந்த இலைகளை எடுத்துப் போட்டாள். தன் முந்தானையால் மழைத் தண்ணீரைத் துடைத்தாள். நழுவிக் கிடந்த மஞ்சள் துணியை இழுத்து இறுக்கிக் கட்டினாள். குங்குமம் வைத்தாள். கை அத்தனையையும் செய்தது. வாய் வசவை நிறுத்தவில்லை. என்னை மடியில் இருத்திச் சிக்கெடுத்துத் தலை வாரும்போது என்னையும் அவள் இப்படித்தான் திட்டுவாள். அன்று அது எனக்கு நினைவு வரவில்லை. அம்மாவுக்குச் சாமி மேல் நம்பிக்கை விட்டுப்போய்விட்டது, இன்றைக்கே அவளுக்கு மறுபடி அம்மை முத்துப் போடும், அவளையும் அக்கரைக்குக் கொண்டுபோவார்கள் என்றுதான் நினைத்தேன்.

அவளுக்குப் பின்னால் நின்று, அவளுக்குத் தெரியாமல் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டு, அவளுக்காக நான் மன்னிப்புக் கேட்டேன்.